ஆறாத சிவப்புத் திட்டு: அழற்சியோ, புற்றின் முன்னிலையோ?

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி ஏற்காட்டை அடைந்து, காபித் தோட்டங்களுக்கும் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளுக்கும் இடையே மேலும் சென்றால் காணப்படும் சேர்வராயன் மலைக் கிராமங்களுள் ஒன்றான செம்மநத்தத்தில், ஐம்பது வயதைக் கடந்த தோட்டக் கூலியாள் ஒருவருக்கு ஆண்குறியின் மொட்டில் சிவப்புத் திட்டு ஒன்று தோன்றி, வலியும் தராமல், ஆறியும் போகாமல், மாதக்கணக்கில் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதை அவர் யாரிடம் சொல்வார்? மனைவியிடம் சொல்லவே நா எழாது. வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியரும், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலரும் பெண்களாக இருப்பதால் அவ்வழியும் அவருக்கு அடைபட்டதாகவே தோன்றும். ‘எல்லாம் உடம்புச் சூடு’ என்று எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பார்த்துவிட்டு, சந்தைக்கு வரும் நாளில் மருந்துக்கடையில், காட்டாமலும் விளக்காமலும், ‘அரிப்புக்கு ஒரு களிம்பு’ என்று மட்டும் கேட்டு வாங்கிப் போவார். அந்தத் திட்டு சாதாரண அழற்சியாக இருக்கலாம். அநேகமாக அப்படித்தான் இருக்கும். ஆயினும், அதே இடத்தில், அதே தோற்றத்தில், அதே சாந்தத்தோடு புற்றுநோயின் பூர்வநிலை ஒன்றும் வந்து அமர்வதுண்டு என்பதும், சில சமயங்களில் இவ்விரண்டையும் கண்ணால் மட்டும் பகுத்தறிவது தேர்ந்த சரும வைத்தியருக்கும் கைகூடாத காரியம் என்பதும் வைத்திய சாஸ்திரம் நெடுங்காலமாக அறிந்துள்ள உண்மைகள். அவ்வறிவு பெருநகர ஆஸ்பத்திரிகளோடு நின்றுவிடாமல் மலையேறி வரவேண்டும் என்னும் விருப்பமே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஆண்குறிப் புற்று அரிய நோய். மேலைநாடுகளில் லட்சம் ஆண்களுக்கு ஆண்டொன்றுக்குப் பெரும்பாலும் 1-க்கும் குறைவாகக் காணப்படும் இது, இந்தியப் பதிவேடுகளில் இடத்துக்கு இடம் மாறி 0.7 முதல் 3 வரை செல்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954-இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் ஆஸ்பத்திரியும், அங்கே 1980-களின் தொடக்கம் முதல் பேணப்பட்டு வரும் சென்னைப் பதிவேடும் இருப்பதனாலேயே தமிழகத்தில் இத்தகைய அரிய நோய்களும் கணக்கில் ஏறுகின்றன. அரசாங்கத்தின் தேசியத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று இடத்துப் புற்றுகளையே தேடிக் கண்டுபிடிக்க முனைகிறது. இவ்வளவு அரிதான நான்காவது ஒன்றை ஊர் ஊராகத் தேடுவது நியாயமான செலவும் ஆகாது. ஆகவே, நோயாளி தானே கண்டு, கூச்சத்தை அடக்கிக்கொண்டு, முதன்முதலாக ஒருவரிடம் காட்டும் அந்த ஒரு சந்தர்ப்பமே இந்நோய்க்கு உள்ள ஒரே பரிசோதனை முகாம். அது வீணானால் நேரும் நஷ்டம் பெரிது. மேல்தோலோடு நிற்கும் பூர்வநிலையில் களிம்பாலோ, லேசர் கதிராலோ, அந்தத் தோலை மட்டும் சீவி எடுத்து வேறிடத்துத் தோலை ஒட்டுவதாலோ உறுப்பைக் காப்பாற்றிவிடலாம்; வேரூன்றிய புற்றான பிறகு உறுப்பின் ஒரு பகுதியையோ முழுமையையோ வெட்டியெடுக்கவும், தொடையிடுக்கின் நெறிக்கட்டிகளை அகற்றவும் நேரும். நெறிக்கட்டிகளுக்குப் பரவாத நிலையில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்; இடுப்பெலும்புக் கூட்டினுள் உள்ள கட்டிகள் வரை பரவிவிட்டால் பிழைப்போர் மிகச் சிலரே.

அழற்சிகளை முதலில் எடுத்துக்கொள்வோம். அவையே எண்ணிக்கையில் அதிகம். முன்தோலுக்கு அடியில் ஈரமும் வெப்பமும் நிலைத்திருப்பதால் காண்டிடா என்னும் பூஞ்சை அங்கே எளிதில் குடியேறி, அரிப்பும் எரிச்சலும் சிறு கொப்புளங்களும் வெண்மாவு போன்ற படிவமுமாகப் பரவுகிறது. இது அடிக்கடி திரும்பி வந்தாலும், நடுவயதில் முன்தோல் புதிதாக வெடித்து இறுகத் தொடங்கினாலும், அந்த மனிதருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தமக்குச் சர்க்கரை இருப்பதை இந்த வாசல் வழியாக அறிந்துகொண்ட ஆண்கள் நம் நாட்டில் அநேகர். கிருமிநாசினித் திரவத்தை நீரில் கலக்காமலே தடவுவதாலும், கடுமையான சோப்பினால் நாளுக்குப் பலமுறை கழுவுவதாலும் வரும் எரிச்சல் புண் வேறொரு வகை; சுத்தம் குறைந்ததனால் வந்த நோய் என்று எண்ணி மேலும் மேலும் தேய்க்கத் தேய்க்க அது வளரும். காளாஞ்சகப்படை உடலின் மற்ற இடங்களில் வெள்ளிச் செதில்களோடு தெரிந்தாலும், இந்த ஈரமான இடத்தில் செதிலின்றி வெறும் சிவப்பாக நிற்கும். ஆகவே முழங்கை, முழங்கால், தலைத்தோல், நகம் ஆகியவற்றையும் பார்த்தாலொழிய அதை இன்னதென்று சொல்ல இயலாது.

இவற்றுள் நம் நாட்டில் தனிக் கவனம் பெறத்தக்கது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் மருந்து ஒவ்வாமை. சல்ஃபா மாத்திரையையோ, வயிற்றுப்போக்குக்கும் உடல்வலிக்கும் கடையில் கேட்டு வாங்கிய வேறு மாத்திரையையோ விழுங்கிய சில மணி நேரத்துக்குள் மொட்டில் வட்டமான சிவப்பு தோன்றி, சில சமயம் கொப்புளமாகிப் புண்ணாகி, ஆறும்போது சாம்பல் கலந்த கருமையை விட்டுச் செல்லும். மறுமுறை அதே மாத்திரையை உண்டால் அதே இடத்தில், விளிம்பு பிசகாமல், மீண்டும் எழும். பால்வினை நோயோ என்று அஞ்சித் தம் வாழ்க்கையின் நடத்தையையெல்லாம் மனத்துக்குள் விசாரணை செய்துகொண்டு வாடும் ஒருவருக்கு, ‘சென்ற வாரம் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?’ என்ற ஒரு கேள்வியே மருந்தாகிவிடும். இவ்வாறு வந்து வந்து போகும் தன்மை ஆறுதலுக்குரிய லட்சணம். புற்றின் பூர்வநிலையோ வந்தால் வந்ததுதான். மெல்ல விரியுமேயன்றித் தானாக மறைந்து போவது அரிது.

இனிச் சிக்கலான இடத்துக்கு வருவோம். 1911-இல் பிரெஞ்சு வைத்தியர் லூயி கேரா, மொட்டின் மேல் தெளிவான விளிம்போடு, வெல்வெட்டுத் துணி போன்ற மினுமினுப்போடு நிற்கும் செந்திட்டு ஒன்றை விவரித்தார்; அது மேல்தோலின் முழுக் கனத்திலும் பரவிய, ஆனால் இன்னும் அடித்தளத்தைக் கிழித்து உள்ளிறங்காத புற்று. அடுத்த ஆண்டே பாஸ்டன் நகரத்தின் ஜான் போவன், வறண்ட தோலில் உண்டாகும் அதன் சகோதர நோயை விவரிக்க, கேராவின் பெயரும் போவனின் பெயரும் நூல்களில் இணைந்தே வழங்கலாயின. பிறகு 1952-இல் ஹாலந்து தேசத்து ஸோன் என்பவர், முன்பு கேராவின் நோய் என்றே முடிவுகட்டப்பட்டிருந்த சிலருடைய திட்டுகளை மறுபடி ஆராய்ந்து, அவை புற்றே அல்ல, வயது முதிர்ந்த, சுன்னத்து செய்யப்படாத ஆண்களுக்கு வரும் தீங்கற்ற அழற்சி என்று நிறுவினார். இச்செய்தியில் நான் காணும் பொருள் கனமானது. நாற்பது ஆண்டுகளாக, கற்றறிந்த வைத்தியர்களின் கண்கள், தீங்கற்ற ஒன்றையும் தீங்குள்ள ஒன்றையும் ஒரே பெயரால் அழைத்து வந்தன. தவறு இரு திசையிலும் நேரக்கூடியது. புற்றை அழற்சி என்று கொள்பவன் உயிரைப் பணயம் வைக்கிறான், அழற்சியைப் புற்று என்று கொள்பவன் ஒரு மனிதனின் அங்கத்தைக் காரணமின்றிக் காயப்படுத்துகிறான்.

கண்ணுக்குச் சில குறிப்புகள் கிடைக்காமல் இல்லை. ஸோனின் அழற்சி ஆரஞ்சு சாயல் கலந்து, ஈரப் பளபளப்போடு, மிளகாய்ப் பொடி தூவினாற்போன்ற நுண்புள்ளிகளோடு தோன்றும். மொட்டில் ஒன்றும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் முன்தோலின் உட்புறத்தில் அதற்கு எதிரொலியாக மற்றொன்றுமாக அமைவதும் உண்டு. ஆனால் உறுதி தருவது நுண்ணோக்கியே. மரத்துப்போகும் ஊசி போட்டு, அரிசியின் அளவுக்குச் சற்று மேற்பட்ட துணுக்கை எடுத்து, மெழுகில் பதித்து, மயிரினும் மெல்லிய ஏடுகளாகச் சீவிச் சாயமேற்றிப் பார்க்கும்போது, ஸோனின் திட்டில் மேல்தோல் மெலிந்து, அணுக்கள் சாய்சதுர வடிவில் நீர்கோத்து விலகி நிற்க, அதற்குக் கீழே பிளாஸ்மா அணுக்கள் பட்டையாகத் திரண்டு, விரிந்த இரத்தக் குழாய்களும் கசிந்த இரத்தத்தின் துருப்படிவும் தெரிகின்றன. அணுக்கள் தம் ஒழுங்கை இழப்பதில்லை. கேராவின் திட்டிலோ கீழிருந்து மேல்வரை எங்கும் குழப்பம்: உட்கருக்கள் பெருத்து, கறுத்து, ஒன்றுபோல் ஒன்றில்லாமல், அடிவரிசையில் மட்டும் நிகழ வேண்டிய அணுப்பிரிவு மேல்வரிசைகளிலும் நடந்துகொண்டிருக்கும். காபிச் செடி மஞ்சளடித்து வாடினால் அது உரக்குறைவா, தண்டினுள் துளைப்பான் புழு புகுந்ததா என்பதை இலையைப் பார்த்து வாதிட்டுக்கொண்டிராமல் தண்டைப் பிளந்து பார்க்கும் தோட்டக்காரரின் விவேகத்துக்கும், இந்தத் துணுக்கைக் கேட்கும் வைத்தியரின் விவேகத்துக்கும் வேறுபாடு இல்லை.

ஐரோப்பிய நூல்களின் வர்ணனைகளை அப்படியே நம் மக்கள்மேல் பொருத்துவதில் ஓர் அபாயமும் உண்டு. அந்நூல்கள் சிவப்பு என்று சொல்வது வெளுத்த தோலில் தெரியும் சிவப்பு. முன்தோலால் மூடப்பட்ட மொட்டின் ஈரத்தோல் நம்மவரிடத்தும் சிவந்து காட்டும். ஆனால் தண்டுப் பகுதியின் மாநிறத் தோலில் அழற்சி கரும்பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும், போவனின் நோயும் கருநிறத் திட்டாகவே நிற்கக்கூடும். இளைஞரிடம் பழுப்பும் ஊதாவுமான சிறு முடிச்சுகளாக வரும் போவனாய்டு பருக்கள், சாதாரண மருக்கள் என்றும், லைக்கன் பிளானஸ் என்னும் படை என்றும் எளிதில் கருதப்படுவன. நுண்ணோக்கியில் அவை புற்றின் முன்னிலையைப் போலவே இருந்தும், பலரிடம் தாமாகவே மறைந்துபோகின்றன. எனவே நிறத்தை முதல் சாட்சியாகக் கொள்ளாமல், எத்தனை காலமாக இருக்கிறது, விரல் வைத்து அழுத்தினால் அடியில் தடிப்பு உண்டா, தொட்டால் இரத்தம் கசிகிறதா, மேற்பரப்பு பருத்துச் சொரசொரப்பாகிறதா, தொடையிடுக்கில் கட்டி தட்டுப்படுகிறதா என்ற வினாக்களையே முன்வைக்க வேண்டும்.

இதுவரை அழற்சி என்றும் புற்றின் முன்னிலை என்றும் இரு வீடுகள் தனித்தனியே இருப்பதாகப் பேசிவந்தோம். லைக்கன் ஸ்கிளிரோஸஸ் என்னும் நோய் அந்தச் சுவரைத் தகர்த்துவிடுகிறது. 1887-இல் பிரான்சில் ஆலோப்போ விவரித்ததும், 1928-இல் ஜெர்மானிய வைத்தியர் ஷ்டூமர் ஆண்குறியில் வேறு பெயரிட்டு எழுதியதுமான இந்நோய் ஐயமின்றி ஓர் அழற்சியே. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல மொட்டும் முன்தோலும் வெளுத்து, காகிதம் போல் மெலிந்து சுருங்கி, தோல் பின்னுக்கு நகர மறுத்து, சிறுநீர்த் துவாரமும் குறுகி, நீர்த்தாரை மெலிந்து சிதறும் நிலை வருகிறது. நூற்றில் சிலருக்கு அந்த வெளுத்த தோலிலேயே புற்றும் தோன்றுகிறது. நம் நாட்டில் இதற்கு இன்னொரு துரதிர்ஷ்டம் உண்டு. வெளுப்பைக் கண்டவுடன் வெண்புள்ளி என்று முடிவுசெய்து, அதற்குரிய அச்சத்திலோ அலட்சியத்திலோ ஆழ்ந்துவிடுகிறார்கள். வெண்புள்ளியில் நிறம் மட்டுமே போகிறது. தோலின் மிருதுவும் நெகிழ்ச்சியும் இருந்தபடி இருக்கும். லைக்கன் ஸ்கிளிரோஸஸில் தோலின் தன்மையே மாறுகிறது: மினுக்கம், சுருக்கம், வெடிப்பு, சிறு இரத்தக்கட்டுகள். விரலால் தொட்டுப் பார்த்தால் புலப்படும் இவ்வேற்றுமை, எட்ட நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. இறுகி மூடிக்கொண்ட முன்தோலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை யாராலும் பார்க்க முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். முன்தோல் இறுக்கமே இப்புற்றுக்கு முக்கியமான ஏதுக்களுள் ஒன்று. சிறுவயதிலேயே சுன்னத்து செய்யும் சமூகங்களில் இது மிக அரிதாக இருப்பதன் காரணமும் பெரும்பாலும் இதுவே.

இப்புற்றுக்கு இரண்டு பாதைகள் உண்டு என்பதை இன்று விஞ்ஞானம் ஏற்றுக்கொள்கிறது. ஒன்று, ஹரால்ட் ட்ஸூர் ஹவுஸனும் அவரோடு உழைத்தவர்களும் 1983-இல் கருப்பைவாய்ப் புற்றில் பிரித்தெடுத்த பாப்பிலோமா வைரஸின் 16-ஆம் வகை போன்றவற்றால் வருவது. கேராவின் திட்டும் போவனின் திட்டும் பெரும்பாலும் இப்பாதையைச் சேர்ந்தவை. மற்றொன்று வைரஸின்றி, நீடித்த அழற்சியின் வழியே, சிறப்பாக லைக்கன் ஸ்கிளிரோஸஸின் வழியே வருவது. 2016-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வகைப்பாடு இப்பிரிவை முறைப்படுத்தியது. இரண்டாம் பாதையின் முன்னிலையில் மேல்வரிசை அணுக்கள் ஒழுங்காகவே காட்சியளிக்க, அடிவரிசையில் மட்டுமே பிறழ்ச்சி ஒளிந்திருப்பதால், அனுபவம் குறைந்த கண் அதை ‘வெறும் அழற்சி’ என்று எழுதிவிடக்கூடும். ஆகையால் திசுப் பரிசோதனையின் முடிவும் தெய்வ வாக்கு ஆகாது. துணுக்கு எடுத்த இடம் தவறியிருக்கலாம். முடிவு அழற்சி என்று வந்தும் திட்டு மாறாவிட்டால், வேறு இடத்தில் மறுபடியும் எடுக்கத்தான் வேண்டும்.

இத்தகைய பகுப்பாய்வில் சென்னைக்கு உரிய பங்கைச் சொல்லாமல் விடுதல் தகாது. 1905-இல் சென்னையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், பிறப்புறுப்பில் பச்சை இறைச்சிபோல் சிவந்து, வலியின்றிப் பரவி, தொட்டால் இரத்தம் கசியும் ஒருவகைப் புண்ணின் அணுக்களுக்குள் நோய்க்கிருமியின் உருக்களைக் கண்டார். புண்ணின் விளிம்பிலிருந்து கிள்ளிய துணுக்கை இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நசுக்கிச் சாயமேற்றினால், பெரிய அணுக்களின் வயிற்றுக்குள் அவ்வுருக்கள் கூட்டங்கூட்டமாகத் தெரியும். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, சென்னை அரசினர் பொது ஆஸ்பத்திரியின் பால்வினை நோய்ப் பிரிவைச் சேர்ந்த ஆர்.வி. ராஜமும் பி.என். ரங்கையாவும் அந்நோயைக் குறித்து எழுதிய நூலை 1954-இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்டது. அந்தப் புண் புற்றுபோலவே தோற்றமளிப்பது. நுண்ணோக்கியிலும் மேல்தோல் கட்டுக்கடங்காமல் கீழ்நோக்கி வளர்ந்து புற்றெனப் பிரமை தரும். அரிதாக அதிலேயே உண்மையான புற்றும் எழும். அறுவைச் சிகிச்சையால் அங்கத்தை இழக்கவிருந்த ஒருவர், சரியான சாயமேற்றிய ஒரு கண்ணாடித் தகட்டினால் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோடு குணமாகி வீடு திரும்பலாம் என்னும் நிலை அங்கே உருவாயிற்று. இன்று அந்நோய் நம் நாட்டில் ஏறக்குறைய மறைந்தே விட்டது. அதை அறிந்த முறை மறைய வேண்டியதில்லை.

அம்முறைக்கு இன்று பெரிய எதிரியாக நிற்பது மருந்துக்கடைக் களிம்பு. வீரியமிக்க ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று என மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து விற்கும் கலவைகள் நம் நாட்டில் தாராளமாகப் புழங்குகின்றன. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-இல் அரசாங்கம் விதித்தபின்னும் பழக்கம் மாறிவிடவில்லை. எதற்கு என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் எய்யப்படும் இந்த மருந்து, பூஞ்சையின் உருவத்தை மாற்றுகிறது. சிவப்பைச் சிறிது தணித்து, ‘குணமாகிறது’ என்ற மயக்கத்தைத் தருகிறது. புற்றின் முன்னிலைக்கு அவகாசம் வாங்கிக் கொடுக்கிறது. இங்கே ஒரு நுட்பத்தையும் சொல்லியாக வேண்டும். லைக்கன் ஸ்கிளிரோஸஸுக்கு அதே வீரியமிக்க ஸ்டீராய்டே முதல் சிகிச்சை. மருந்து கெட்டதன்று, பெயர் தெரியாத நோய்க்கு, தேதி குறிக்காமல், மாதக்கணக்கில் தடவுவதே கேடு.

ஆகவே என் கருத்து இது. மலையில் பணியாற்றும் முதல் வைத்தியரிடம், நோயின் பெயரை அங்கேயே சொல்லிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆனால் திட்டைப் பார்க்க வேண்டும், அளவையும் தேதியையும் சீட்டில் எழுத வேண்டும், சர்க்கரையும், சிபிலிஸ் நோயைக் காட்டும் வி.டி.ஆர்.எல். இரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும், ஒரே ஒரு காரணத்தை ஊகித்து அதற்குரிய மருந்தைத் தந்து நான்கு முதல் ஆறு வாரங்களில் திரும்பி வரச் சொல்ல வேண்டும். மாறாமலிருந்தால் அதே களிம்பைப் புதுப்பிக்காமல் சேலத்துக்கு அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். தடிப்போ புண்ணோ இரத்தக் கசிவோ இருந்தால் அந்த ஆறு வாரமும் கூடாது. பால்வினை நோய்களுக்கென அரசு ஆஸ்பத்திரிகளில் நிறவாரியாக வழங்கப்படும் மருந்துப் பொட்டலங்கள், வெள்ளைப்படுதலுக்கும் புண்ணுக்கும் நெறிக்கட்டுக்கும் ஏற்பாடு செய்திருக்கின்றன. ஆறாத சிவப்புத் திட்டுக்கு அவற்றில் இடமில்லை. வழிகாட்டிக் கையேட்டில் ஒரு வரி சேர்த்தால் இக்குறை தீரும். ஆண்களிடம் பேசும் பொறுப்பை, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏற்கெனவே பணியாற்றும் ஆண் சுகாதார ஆய்வாளர்களிடம் ஒப்படைக்கலாம். கொசுப்புழு பார்க்கத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செல்லும் அவர்கள், காபி பறிப்பு ஓய்ந்த மாலையில் ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில், முன்தோலை நீக்கி வெறும் நீரால் கழுவுவது, புகையிலையை விடுவது, ஒரு மாதத்தில் ஆறாத திட்டைக் காட்டுவது ஆகிய மூன்றையும் சொல்ல கால்மணி நேரம் போதும்.

சேலத்துக்குப் போய் வருவதென்றால் ஒருநாள் கூலி போகும்; துணுக்கு எடுக்க ஒருநாள், முடிவு வாங்க மற்றொரு நாள் என்றால் இருநாள் கூலி. அனுப்பும் சீட்டில் ‘தோல் வியாதி’ என்று மட்டும் கிறுக்கி அனுப்பினால், அங்கே நெரிசல் மிக்க புறநோயாளிப் பிரிவில் இன்னொரு களிம்போடு அவர் திரும்பிவிடக்கூடும். ‘இத்தனை மாதமாக மொட்டில் ஆறாத திட்டு, இன்ன மருந்து இத்தனை வாரம் கொடுத்தும் மாறவில்லை, சர்க்கரை இவ்வளவு, திசுப் பரிசோதனை வேண்டுகிறோம், முடிவை ஏற்காடு அரசு ஆஸ்பத்திரிக்கே தெரிவிக்கவும்’ என்று தெளிவாக எழுதிக் கொடுத்தால், செம்மநத்தத்திலிருந்து இறங்கிய அந்த மனிதர் முதல் நாளிலேயே துணுக்கைக் கொடுத்துவிட்டு, மாலைப் பஸ்ஸில் மலையேறி, முடிவைத் தம் ஊருக்கு அருகிலேயே பெற்றுக்கொள்ளலாம்.